சைக்கிள் ரிம் சரவிளக்கு

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு இதைப் பிரிக்காமல் வைத்துவிடாதீர்கள். பதினாறு வருஷம் கழித்து எழுதுகிறவள் ஏதோ பெரிதாகக் கேட்கப்போகிறாள் என்று பயப்படவும் வேண்டாம். ஒரு சந்தேகம், அவ்வளவுதான். தொழில் சந்தேகம்.

உங்கள் முகவரியை மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளியிடம் வாங்கினேன். நீங்கள் லென்ஸ் தேய்த்த அதே பின்னறையில்தான் இன்னும் உட்கார்ந்திருக்கிறார். காது மட்டும் மந்தமாகிவிட்டது. "அண்ணி அட்ரஸ் வேணும்" என்று மூன்று தரம் கத்தினேன். "தண்ணிதானே? உள்ள குடத்துல இருக்கு, மொண்டு குடி" என்றார். கடைசியில் எழுதிக் காட்ட வேண்டியதாயிற்று. போன் நம்பரும் தந்தார். பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர் வேலையில் பதினெட்டு வருஷம் ஓடிவிட்டது, ஊரே கேட்கப் பேசித்தான் சம்பளம் வாங்குகிறேன். ஆனால் உங்கள் நம்பரை அழுத்திவிட்டு மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். இரண்டு தரம்.

விஷயத்துக்கு வருகிறேன். அண்ணன் கட்டிய சைக்கிள் ரிம் சரவிளக்கை மறுபடி மாட்டலாம் என்றிருக்கிறேன். ஒரு விசேஷம். பஸ் தொழிலாளர் சங்க அறையில் நடக்கப்போகிறது. அங்கே இருப்பது ஒரே ஒரு டியூப் லைட், அதுவும் கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும். கடையில் சரவிளக்கு விலை கேட்டேன். கேட்ட வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

ரிம் பரணில் இருந்தது. துரு ஏறியிருக்கிறது, ஆனால் வளையவில்லை. லென்ஸ்களெல்லாம் பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. கோத்திருந்த தூண்டில் நரம்பு இற்றுப்போய்விட்டது. ஒரு நாற்பது லென்ஸ் உடைந்திருக்கிறது. அதை ஈடுகட்ட முதலாளியிடம் கழித்துப்போட்ட லென்ஸ் ஒரு வாளி வாங்கி வந்தேன். துளை போடத்தான் வரவில்லை. ஊசியைச் சுடவைத்துக் குத்திப் பார்த்தேன். லென்ஸ் கருகி, வீடெல்லாம் நாற்றம். கோத்த வரைக்கும் முடிச்சு நழுவுகிறது. நேற்றுக் காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது கூடத்தில் ஆலங்கட்டி மழை மாதிரி சத்தம். போய்ப் பார்த்தால் பதினோரு லென்ஸ் தரையில்.

அந்தக் காலத்தில் நீங்கள் துளை போடுவீர்கள், நான் கோப்பேன், அண்ணன் ஏணியில் ஏறி மாட்டுவான். என் பங்கு மட்டும்தான் எனக்குத் தெரியும். மற்ற இரண்டையும் யாரிடம் கேட்பது?

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்

பிப்ரவரி 17

நாத்தனாருக்கு,

கடிதம் கிடைத்தது.

சுட்ட ஊசி ஆகாது. இப்போது வருகிற லென்ஸ் எல்லாம் பிளாஸ்டிக். அது உருகாது, கருகும். கை டிரில்லில் ஆகச் சின்ன முனையைப் போட்டு மெதுவாகச் சுற்று. ஓரத்திலிருந்து ஒரு அரிசி நீளம் உள்ளே தள்ளித் துளை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிய்த்துக்கொள்ளும். பழைய கண்ணாடி லென்ஸில் துளை போட வேண்டியிருந்தால் தட்டில் தண்ணீர் ஊற்றி, ஈரத்துணி விரித்து, அதன்மேல் வைத்துப் போடு. பாதி வரை ஒரு பக்கம், மீதி மறுபக்கம். அழுத்தாதே. நீ எப்போதும் அழுத்துவாய்.

தூண்டில் நரம்புக்குச் சாதாரண முடிச்சு நிற்காது. இரண்டு சுற்று சுற்றி இழுத்து, முடிச்சின் மேல் ஒரு சொட்டு நகப்பூச்சு வை. காய்ந்தபின் தூக்கு.

ரிம்மில் முப்பத்தாறு துளை. பன்னிரண்டுக்கு ஒன்றாக மூன்று சங்கிலி. நான்கு போடாதே. நான்கு போட்டால் ஒன்று எப்போதும் தளர்ந்துதான் இருக்கும். மூன்று என்றால் தானே சமமாக நிற்கும். இதை உன் அண்ணன் சொல்லிக் கேட்டிருப்பாய்.

நடு தடித்த லென்ஸை ஜன்னல் பக்கம் கட்டாதே. காரணம் உனக்குத் தெரியும்.

சந்தேகம் தீர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். அதில் நான் எப்படி இருக்கிறேன் என்று ஒரு வரி இல்லை. நன்றாக இருக்கிறேன்.

அண்ணி

பிப்ரவரி 24

அன்புள்ள அண்ணிக்கு,

குட்டு வாங்கிய தலையைத் தடவிக்கொண்டே எழுதுகிறேன். எப்படி இருக்கிறீர்கள் என்று முதலில் ஒரு வரி எழுதினேன். உங்கள் வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார் என்று அடுத்த வரி வர வேண்டுமே. அதை எழுதப் பேனா நகரவில்லை. இரண்டையும் கிழித்துப்போட்டுவிட்டு டிரில்லைப் பற்றி எழுதினேன். என் புத்தி தெரிந்ததுதானே.

நடு தடித்த லென்ஸ் என்று படித்ததும் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அப்பா நாற்காலியில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். மேற்கு ஜன்னல் வெயில் சரவிளக்கில் விழுந்து, சுவரெல்லாம் வட்ட வட்டமாக ஆடுகிறது. "என்னம்மா, ஏதோ கருகுற வாசனை வருது, அடுப்பைப் பாரு" என்கிறார். நீங்கள் அடுப்பைப் பார்க்க ஓடுகிறீர்கள். நான் பார்த்தால் அவர் கையிலிருக்கும் பேப்பரிலிருந்து நூல் மாதிரி புகை. விளையாட்டுச் செய்தியில் பொட்டளவு ஓட்டை. அண்ணன் ஏணியைக் கொண்டுவந்து அந்த லென்ஸைக் கழற்றுவதற்குள் அப்பா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "ஏன்டா, நான் தோத்த மேட்ச்சைத்தான் படிச்சேன். அதுக்கு என்னையே எரிக்கணுமா?"

அண்ணன் அந்தப் பெரிய ஹோட்டலுக்கு வயரிங் வேலைக்குப் போன மாதத்தில்தானே எல்லாம் தொடங்கியது? அங்கே மாட்டிய சரவிளக்கைப் பற்றி மூச்சுக்கு முந்நூறு தரம் பேசுவான். நீங்கள் ஒரு நாள் சலித்துப்போய், "அதைக் கொண்டுவர முடியாதுல்ல, பேசாம சாப்பிடுங்க" என்றீர்கள். மறுநாள் சைக்கிள் கடையில் தூக்கிப்போட்ட ரிம்மைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து நின்றான். "கொண்டுவர முடியாது. கட்ட முடியும்" என்றான். உங்கள் கடையில் அளவு தப்பிய லென்ஸ், அவன் பையில் மிஞ்சிய வயர். இருநூற்றுப் பன்னிரண்டு லென்ஸ். யார் யார் கண்ணுக்கோ செய்து ஒருத்தருக்கும் பொருந்தாதது எல்லாம் நம் கூடத்தில் தொங்கியது.

அவன் இறந்துபோன பிறகும் நாம் இருவரும் விடவில்லையே. எம்பிராய்டரி வளையத்தில் சட்டைப் பொத்தான் கோத்துத் தையல்காரம்மாவுக்கு ஒன்று. பழைய கேக் டின்னில் ஆணியடித்துத் துளை போட்டு முடிதிருத்தும் கடைக்கு ஒன்று. அவர் அதை மாட்டிய அன்று நாற்காலியில் இருந்தவர் முகமெல்லாம் புள்ளி விழுந்து, "எனக்கென்ன அம்மையா போட்டிருக்கு?" என்று எழுந்து ஓடினாராம். அழுதுகொண்டே ஆரம்பிப்போம், சிரித்துக்கொண்டு முடிப்போம். அந்த நாலு வருஷம் எப்படிப் போயிற்று என்று இன்றைக்கு யாராவது கேட்டால் முடிச்சுப் போட்டே போயிற்று என்றுதான் சொல்வேன்.

சரி, சுற்றி வளைத்தது போதும். விசேஷம் என்னுடையதுதான். எனக்குக் கல்யாணம். ஏப்ரல் ஆறு.

சிரியுங்கள், பரவாயில்லை. நாற்பத்தாறு வயது. அவர் டிக்கெட் பரிசோதகர். கழுத்தில் விசில் இல்லாமல் யாரும் பார்த்ததில்லை, அதனால் எல்லோருக்கும் அவர் 'விசில்'. மனைவி இறந்து ஐந்து வருஷம். ஒரு நாள் என் அறைக்கு வந்து, "மேடம், வண்டி ஆறாம் மேடைன்னு சொல்றீங்க. அது எட்டுல நிக்குது. நான் எங்கதான் போய் நிக்கிறது?" என்று சண்டை. "ஏழுல நில்லுங்க, ரெண்டுக்கும் பக்கம்" என்றேன். போனவர் நிஜமாகவே ஏழில் நின்று என் ஜன்னலைப் பார்த்துக் கையசைத்தார்.

ரிஜிஸ்டர் கல்யாணம், பிறகு சங்க அறையில் எல்லோருக்கும் டீ. அவர் பக்கம் டிரைவர், கண்டக்டர் என்று அறை நிறைந்துவிடும். என் பக்கம் என்று காட்ட எனக்கு ஆள் இல்லை. அப்பா இல்லை, அண்ணன் இல்லை. விளக்காவது இருக்கட்டும் என்று நினைத்தேன்.

உங்கள்,
ரேடியோ (இந்தப் பெயரில் என்னைக் கூப்பிட இப்போது யாரும் இல்லை)

மார்ச் 5

அன்புள்ள ரேடியோவுக்கு,

உன் கடிதத்தை முதல் தடவை நின்றுகொண்டே படித்தேன். கல்யாணம் என்ற இடம் வந்ததும் உட்கார்ந்துவிட்டேன். ஏழாம் மேடையில் நின்ற மனிதரை எனக்குப் பிடித்துவிட்டது. உன் பேச்சைக் கேட்டு ஒருத்தர் இல்லாத பஸ்ஸுக்கு நிற்கிறார் என்றால் இனி உன்னைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

நான் இப்போது கண் மருத்துவமனையில் கண்ணாடி கொடுக்கும் இடத்தில் இருக்கிறேன். வயதானவர்கள் முதல் தடவை கண்ணாடி போட்டதும் ஏனோ தங்கள் கையைத்தான் பார்க்கிறார்கள். குழந்தை இல்லை. அதற்கு அழுது முடித்தாகிவிட்டது. இவர் தையல் இயந்திரம் பழுது பார்க்கிறார். கை எப்போதும் எண்ணெய், பேச்சு மட்டும் சிக்கனம். போதுமா? நீ கேட்காததற்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிட்டேன்.

இப்போது என் பங்கு. உன் பக்கம் என்று காட்ட ஆள் இல்லை என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை என்னால் தாண்ட முடியவில்லை. ஆள் இருந்தது. நீதான் அனுப்பினாய்.

நான் கிளம்பிய அன்று உன் அறை வாசலில் வந்து நின்று, பாதி லென்ஸை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். கதவைத் திறக்காமலே நீ சொன்னாய், "அண்ணனையே வேணாம்னு போறவங்களுக்கு அவன் கட்டின விளக்கு எதுக்கு?" பதினாறு வருஷம் ஆகிறது. அது எந்தத் தொனியில் வந்தது என்றுகூட என்னால் சொல்லிக்காட்ட முடியும். மைக்கில் நீ பேசுவதைவிடத் தெளிவாக இருந்தது.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சொல்லமாட்டேன் என்று மாமாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. உனக்கும் இப்போது ஒரு வீடு வரப்போகிறது. இனிச் சொன்னால் அவர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

இவரைப் பார்த்தது நான் இல்லை, உன் அப்பா. எங்கள் கடைக்குப் பக்கத்தில் தையல் இயந்திரம் சரிசெய்ய வந்த மனிதரை, நீ நினைத்தாயே, அங்கேயே பழகிவிட்டேன் என்று, அப்படி இல்லை. மாமாதான் அவர் வீடு தேடிப் போய், ஊர் விசாரித்து, பேசி முடித்துவிட்டு, ஒரு மத்தியானம் கடைக்கு வந்தார். வெள்ளெழுத்துக் கண்ணாடி மாற்ற வந்த மாதிரி உட்கார்ந்தார். "என் பையனுக்கு நீ செஞ்சதெல்லாம் போதும்மா. இனி எனக்கு ஒண்ணு செய். நீ நல்லா இருக்கிறதை நான் கண்ணால பார்க்கணும்" என்றார். நான் முடியாது என்றேன். நாலு நாள் வந்தார். நாலு நாளும் அதே நாற்காலி. ஐந்தாம் நாள் சரி என்றேன்.

"ரேடியோகிட்ட நீங்களே சொல்லிடுங்க மாமா" என்றேன். அதற்கு அவர் சொன்னதைத்தான் இத்தனை நாள் சுமந்துகொண்டிருந்தேன். "அவ உன்மேல கோவிச்சுக்கிட்டா உனக்குப் போக ஒரு வீடு இருக்கும்மா. என்மேல கோவிச்சுக்கிட்டா அந்த வீட்டுல அவ யாரோட பேசுவா?"

அதனால் கெட்ட பெயரை நான் வாங்கிக்கொண்டேன். உனக்குப் பேச அப்பா இருந்தார்.

இங்கே வந்த இரண்டாம் மாதம் நானே ஒரு ரிம் தேடிப் பிடித்து ஒரு விளக்குக் கட்டினேன். இவர் எதற்கு என்று கேட்கவில்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டார். மாட்டி முடித்ததும், "அவர் கட்டினதுல எத்தனை இருந்துச்சு?" என்றார். இருநூற்றுப் பன்னிரண்டு என்றேன். மறுநாள் எங்கள் கூடத்து விளக்கை எண்ணிப் பார்த்திருக்கிறார். "பதினெட்டுக் குறையுது" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

இன்னொன்று. இற்றுப்போன நரம்பிலிருந்து ஒன்றிரண்டு லென்ஸ்தான் விழும். நாற்பது எப்படி உடைந்தது?

அண்ணி

மார்ச் 11

அண்ணி,

மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லியனுப்பினேன். பொய்யும் இல்லை.

அப்பா நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து சண்டை போட்டேன். நாற்காலி பதில் சொல்லவில்லை. பத்து வருஷம் அந்த மனிதரிடம் உங்களைத் திட்டியிருக்கிறேன். சாப்பிடும்போது, துணி மடிக்கும்போது, மழை பெய்தால், பெய்யாவிட்டால். ஒரு நாள்கூட ஆமாம் என்று சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை. "டீ ஆறுது, குடி" என்பார். நான் அதை அவருக்கும் உங்கள்மேல் கோபம் என்று எடுத்துக்கொண்டேன்.

நாற்பது லென்ஸ். நீங்கள் போன மறுநாள் அப்பா கடைக்குப் போயிருந்த நேரத்தில் ஏணி போட்டு, சங்கிலியை ஒவ்வொன்றாகக் கத்தரித்தேன். மூன்றாவதை வெட்டும்போது பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று தெரியவில்லை. மொத்தமும் கீழே வந்தது. இறங்கக் கால் வைக்க இடமில்லாமல் அப்பா வரும் வரை ஏணி மேலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் வந்து பார்த்தார். முறத்தைக் கொண்டுவந்து கண்ணாடித் தூளை ஒதுக்கி, எனக்குக் கால் வைக்க வழி பண்ணினார். உடையாததைப் பொறுக்கிப் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தவரும் அவர்தான். நான் இல்லை.

இதற்கு மேல் கடிதத்தில் என்ன எழுதுவது? நான் சொன்னது தப்பு. கதவைத் திறக்காமல் சொன்னது அதைவிடத் தப்பு.

கல்யாணத்துக்கு வாருங்கள். இருவரும் வாருங்கள்.

ரேடியோ

மார்ச் 19

அன்புள்ள ரேடியோவுக்கு,

ஏணி மேல் நீ உட்கார்ந்திருந்ததை நினைத்தால் சிரிப்பு வருகிறது, அடுத்த நிமிஷமே அழுகை வருகிறது. அப்போது உனக்கு முப்பது வயது. எனக்கு நீ பத்து வயதுப் பெண் மாதிரிதான் தெரிகிறாய்.

கோபம் போய்விட்டது. நிஜமாகத்தான் சொல்கிறேன். ஆனால் நான் வரவில்லை.

மாமா இறந்த செய்தி கேட்டு இருவரும் ஓடி வந்தோம். நீ ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்தாய். நான் பார்த்ததை நீயும் பார்த்தாய். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. அந்த வெயிலில் வாசலில் இரண்டு மணி நேரம் நின்றோம். இவருக்கு அங்கே நிற்க வேண்டிய அவசியமே இல்லை. கால் மாற்றிக்கூட நிற்காமல் நின்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில், "உங்க மாமா நல்ல மனுஷன்" என்று மட்டும் சொன்னார். எனக்கு நடந்ததை நான் மறந்துவிடுவேன். அவரை இன்னொரு தடவை ஒரு வாசலில் நிறுத்த என்னால் ஆகாது. அங்கே மாப்பிள்ளை பக்கத்து ஆட்கள் இருப்பார்கள். இது யார் என்று கேட்பார்கள். நீ என்ன சொல்வாய்? யோசித்துப் பார். சொல்ல வாய் வராது. அதை உன் கல்யாண நாளில் நான் பார்க்க வேண்டாம்.

பார்சல் அனுப்பியிருக்கிறேன். நாற்பது கண்ணாடி லென்ஸ், எல்லாவற்றுக்கும் துளை போட்டாயிற்று. நரம்பு ஒரு உருண்டை. நகப்பூச்சு ஒரு குப்பி, நிறமில்லாதது. சங்கிலிக்குக் கொக்கி இவர் செய்து கொடுத்தது. பழையபடி மஞ்சள் பல்பைப் போட்டு வைக்காதே, சூட்டில் பிளாஸ்டிக் லென்ஸ் பழுத்துவிடும். எல்இடி போடு.

நன்றாக இரு.

அண்ணி

மார்ச் 23

அண்ணி,

பார்சல் வந்தது. பிரிக்கவில்லை. பிரிக்கப்போவதும் இல்லை. துளை போட்டவர் வந்து பிரிக்கட்டும்.

ஏப்ரல் ஐந்தாம் தேதி முதல் பஸ்ஸிலிருந்து கடைசி பஸ் வரை எனக்கு டியூட்டி. மறுநாள் கல்யாணத்தை வைத்துக்கொண்டு யாராவது டியூட்டி போட்டுக்கொள்வார்களா என்று விசில் கேட்டார். எங்கள் வீட்டு ஆட்கள் வருகிறார்கள் என்றேன்.

ரேடியோ

ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணிக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று போனில் சொன்னீர்கள். இனி போனிலேயே பேசலாம்தான். ஆனால் சில விஷயங்களைப் போனில் சொன்னால் நீங்கள் நடுவில் பேசுவீர்கள்.

முதலில் ஒரு நல்ல செய்தி. மேலாளரிடமிருந்து விளக்கம் கேட்டு எனக்குத் தாள் வந்திருக்கிறது. "கடந்த ஐந்தாம் தேதி காலை பதினொன்று இருபதுக்குப் பணிக்குத் தொடர்பில்லாத அறிவிப்பு செய்தது ஏன்?" நான் அறிவித்ததையும் அதில் அப்படியே தட்டச்சு செய்திருக்கிறார்கள்: "ஒன்பதாம் மேடையில் இப்போது இறங்கிய எங்கள் அண்ணியும் அவர் கணவரும் அறிவிப்பு அறைக்கு வரவும். வாசலில் நிற்க வேண்டாம். நேராக உள்ளே வரவும்." மூன்று தரம் என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறார்கள். நான் இரண்டு தரம் சொன்னதாகத்தான் நினைவு. விசில் அந்தத் தாளுக்குச் சட்டம் போடச் சொல்கிறார்.

நீங்கள் பையைத் தூக்கிக்கொண்டு மேடையிலேயே நின்றுவிட்டீர்கள். எனக்கு ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அவர்தான் உங்கள் முழங்கையைத் தொட்டு, "கூப்பிடுறாங்கல்ல, வா" என்றார். அது எனக்குக் கேட்கவில்லை, வாயசைவில் படித்தேன். உள்ளே வந்தவரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. திருதிருவென்று முழித்தேன். "மெக்கானிக்னே கூப்பிடுங்க. உங்க அண்ணி கோவம் வந்தா அப்படித்தான் கூப்பிடுவா" என்றாரே, அந்த மனிதருக்கா பேச்சு சிக்கனம்?

நீங்கள் துளை சரிபார்க்க, நான் கோக்க, மெக்கானிக் ஏணியில் நிற்க, விசில் கீழே நின்று "இடது, இன்னும் இடது" என்று விசிலடித்துச் சொன்னதெல்லாம் நீங்களும் பார்த்ததுதான். ரிஜிஸ்டர் ஆபீசில் சாட்சி யார் என்றதும் நீங்கள் முன்னால் போய் நின்றதும் நமக்குத் தெரியும். அதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இந்தத் தாள் நனைந்துவிடும். நீங்கள் போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன்.

விளக்கை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. இவர் வீட்டுக்கு, அதாவது எங்கள் வீட்டுக்கு. பஸ்ஸில்தான் கொண்டுவந்தோம். கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டு, "சார், இதுக்கு அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா?" என்று கேட்டான். பரிசோதகரே மாட்டிக்கொண்டார். மடியில் வைத்துக்கொண்டால் டிக்கெட் இல்லை என்று சட்டம் பேசி, ஒரு மணி நேரம் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். பஸ் குலுங்கும்போதெல்லாம் முன்சீட்டுக் குழந்தை திரும்பித் திரும்பிப் பார்த்தது.

மறுநாள் காலை கூடத்தில் மாட்டலாம் என்று ஏணியை வைத்தார். அப்போதுதான் கவனித்தேன். எதிர்ச் சுவரில் ஒரு சதுரம் மட்டும் வெளுப்பாக இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் நான் இரண்டு தரம் அந்த வீட்டுக்கு வந்திருக்கிறேன். அங்கே அவருடைய முதல் மனைவியின் படம் இருந்தது.

"படம் எங்க?" என்று கேட்டேன்.

"உள்ள வச்சிருக்கேன்" என்றார், என்னைப் பார்க்காமல். "உனக்கு ஒரு மாதிரி இருக்குமேன்னு."

இருக்கும்தான். இருந்தது. பொய் சொல்லி என்ன பயன்? அந்த வீட்டில் டம்ளர் வைக்கும் இடம்கூட அந்தப் பெண் முடிவு செய்தது. நான் போய் பீரோவுக்குள் துணிக்கு அடியில் இருந்த படத்தை எடுத்து வந்தேன். துடைத்தேன். நானே ஆணியில் மாட்டினேன். கோணலாக மாட்டிவிட்டேன். அவர் வந்து நேராக்கினார். நேராக்கிய கை அந்தச் சட்டத்தைவிட்டு வரவில்லை.

என்ன செய்வதென்று தெரியாமல் டீ போட்டேன். இரண்டு டம்ளரையும் கீழே வைத்துத் தரையில் உட்கார்ந்தேன். அவரும் உட்கார்ந்தார். விளக்கு இன்னும் மாட்டாமல் எங்கள் நடுவில்தான் கிடந்தது.

"இவங்க எப்படி? சொல்லுங்களேன்" என்றேன்.

டம்ளரைக் கையில் எடுத்தார். பிறகு, "கோவம் வந்தா என் விசிலை ஒளிச்சு வச்சிடுவா" என்றார். "ஒரு தடவை எட்டு நாள் தரலை. எட்டு நாளும் நான் ரோட்டுல நின்னு கையைத் தட்டித்தான் பஸ்ஸை நிறுத்தினேன். டிரைவருங்க எல்லாம் நான் பாட்டுப் பாடப் போறேன்னு நினைச்சுக்கிட்டாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரக்கூடாத இடத்தில் வந்துவிட்டதே என்று வாயைப் பொத்தினேன். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. அது சிரிப்பில்லை என்று தெரிய எனக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. ஐந்து வருஷமாக அந்த மனிதரிடம் யாரும் இதைக் கேட்டதில்லையாம் அண்ணி. எல்லோரும் மறந்துவிடு, மறந்துவிடு என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. போகவில்லை. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "விடு, வேலையைப் பார்ப்போம்" என்று ஏணியைப் பிடித்தார்.

"எட்டு நாள் கழிச்சு அந்த விசில் எங்கேயிருந்து கிடைச்சது?" என்று கேட்டேன்.

ஏணியை விட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தார். "அதை ஏன் கேக்குற? அரிசி டின்னுல" என்று ஆரம்பித்தார்.

"அப்புறம்?" என்றேன்.

அன்புடன்,
ரேடியோ